எஃப்எல் ஸ்டுடியோவா, ஏபிள்டன் லைவா: செண்டையோடு நிற்கப் போகிறவருக்கு

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணங்களுக்கு டிஜே போடுகிறேன். நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டும்போது தம்பிமார் யாராவது வந்து நிற்பார்கள். "அண்ணா, முதல்ல எதுங்ணா கத்துக்கறது? எஃப்எல்லா, ஏபிள்டனா?" இரண்டும் கம்ப்யூட்டரில் இசை செய்யும் மென்பொருள்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீ யாரோடு சேர்ந்து வாசிக்கப் போறே?"

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கேள்வி முக்கியம். மேற்கே போனால் செண்டை என்ற கேரளத்து மேளத்தைக் கூட்டமாக வாசிக்கும் சிங்காரி மேளம், கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் பறையும் தவிலும். இப்போது இரண்டு பக்கமும் மேளக்காரர்களோடு சேர்ந்து டிஜே வாசிக்கச் சொல்கிறார்கள். அறைக்குள் தனியாக உட்கார்ந்து பீட் செய்கிறவருக்கும், பன்னிரண்டு செண்டைக்காரர்களுக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு நிற்கிறவருக்கும் ஒரே மென்பொருள் பொருந்தாது.

முதலில் எஃப்எல். 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பெல்ஜியத்தில் பிறந்தது. திறந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு பீட் ஓட வைத்துவிடலாம். தாளத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் ஸ்டெப் சீக்வென்சரில் 16 கட்டம் இருக்கும். கிக் (அடி டிரம்) எங்கே, கிளாப் (கைதட்டு) எங்கே என்று கண்ணால் பார்த்தபடி தட்டலாம். சுரங்களைத் திரையில் வரைந்து வைக்கும் பியானோ ரோல் போல வசதியான ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் அடுத்தடுத்த பதிப்புகள் எல்லாம் இலவசம். மாதச் சம்பளம் இல்லாத பையனுக்கு இது பெரிய ஆறுதல். சோதனைப் பதிப்பிலும் ஏறக்குறைய எல்லாம் வேலை செய்யும். சேமித்த புராஜெக்டைத் திரும்பத் திறக்க மட்டும் முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: மைக் வைத்துக் குரலோ பறையோ பதிய வேண்டுமென்றால் ஆரம்ப விலைப் பதிப்பு போதாது, அதற்கு அடுத்ததான புரொட்யூசர் பதிப்பு வேண்டும்.

ஏபிள்டன் லைவ் பெர்லின்காரர்களுடையது, 2001இல் வந்தது. பெயரே சொல்கிறது, மேடைக்கு என்று செய்தது. அதன் செஷன் வியூவில் ஒவ்வொரு துண்டும் ஒரு கிளிப்பாக நிற்கும். எதைத் தட்டினாலும் அடுத்த பாரின் (தாளச் சுற்றின்) தொடக்கத்தில்தான் அது நுழையும். அவசரத்தில் கை முந்தினாலும் தாளம் கெடாது. ஒரு கிளிப் 4 அடியிலும் பக்கத்துக் கிளிப் 6 அடியிலும் தனித்தனியாகச் சுற்றும். ஆறு எண்ணிக்கைத் தாளம் ஊறிய ஊரில் இது எவ்வளவு உதவி என்று வாசித்துப் பார்த்தால் தெரியும். குறை என்றால் விலைதான். சூட் என்கிற முழுப் பதிப்பு எஃப்எல்லின் பெரிய பதிப்பை விடவும் விலை கூடுதல், பெரிய பதிப்பு மாறும்போது மறுபடியும் பணம் கட்ட வேண்டும். ஆனால் மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றோடும் கீபோர்டுகளோடும் லைட் பதிப்பு இலவசமாக வருகிறது. அதில் 8 டிராக்தான், பழக அது போதும்.

இனி மேளத்துக்கு வருகிறேன். கேரளக் கோயில்களில் செண்டையோடு வாசிக்கும் பஞ்சாரி மேளத்தைப் பாருங்கள். முதல் காலத்தில் (கட்டத்தில்) ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. எண்ணிக்கை பாதி பாதியாகக் குறையக் குறைய வேகம் ஏறிக்கொண்டே போகும். சிங்காரி மேளத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது, ஆனாலும் ஏறும். ஒரு கல்யாணத்தில் 105 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 105 அடி) தொடங்கியவர்கள் பத்தே நிமிடத்தில் 130ஐத் தொட்டுவிட்டார்கள். என் டிராக் 105இலேயே பூட்டியபடி நின்றது. முதல் ஏற்றத்திலேயே எனக்கும் அவர்களுக்கும் நடுவே பிளவு விழுந்தது, மூன்றாவது ஏற்றத்தில் நான் ஃபேடரை இறக்கி என் ஒலியை நிறுத்திவிட்டேன். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று என்னிடம் இருந்தது எஃப்எல். குற்றம் அதனுடையது இல்லை. மேடையில் வேகம் மாறினால் லூப்பும் கூடவே மாறும்படி ஒவ்வொரு ஆடியோ கிளிப்பின் ஸ்ட்ரெட்ச் (நீட்டிச் சுருக்கும்) அமைப்பையும் முன்கூட்டியே சரிசெய்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை. லைவில் வார்ப் என்ற வசதி அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நாம் தட்டும் வேகத்தையே பாட்டின் வேகமாக எடுத்துக்கொள்ளும் டேப் டெம்போவை ஒரு கால்பெடலுக்குக் கொடுத்துவிட்டு மேளத்தோடு காலால் தட்டிக்கொண்டே போகலாம். 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து டெம்போ ஃபாலோவரும் உண்டு, உள்ளே வரும் ஒலியைக் கேட்டு வேகத்தை அதுவே பிடிக்கும். வாங்கும் முன் நீங்கள் எடுக்கும் பதிப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த மேளத்தையும் கொடுத்தால் இலத்தாளம் என்ற ஜால்ராவின் சலசலப்பில் தடுமாறும். அடித்தாளம் பிடிக்கிற ஒரே ஒரு செண்டைக்கு நெருக்கமாக மைக் வைத்து அதை மட்டும் கொடுங்கள்.

அதோடு, எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மேளம் 15 மீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் காதுக்கு வருவது 44 மில்லிசெகண்ட் பழைய அடி. 120 பிபிஎம்மில் ஓர் அடியின் கால் பங்கே 125 மில்லிசெகண்ட்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பஃபரை (லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்கு இறக்கி 3 மில்லிசெகண்ட் மிச்சப்படுத்த மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. மேளத்தலைவருக்குப் பக்கத்தில் டேபிளைப் போடச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் அந்த மைக்கின் ஒலியை ஹெட்ஃபோனுக்கு வாங்குங்கள்.

ஆக, பாட்டு செய்து யூடியூபில் ஏற்றுவதும் குறும்படத்துக்குப் பின்னணி போடுவதும்தான் எண்ணம் என்றால் எஃப்எல் எடுங்கள், தயங்கவே வேண்டாம். ஆட்களோடு நிற்கப் போகிறீர்கள் என்றால் லைவ், அதுவும் லைட்டில் தொடங்குங்கள். கையில் காசே இல்லை, பதிவு வேலைதான் அதிகம் என்றால் ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருள் இருக்கிறது: 60 நாள் முழுசாகச் சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். பார்க்க அழகாக இருக்காது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். யாரோ பென்டிரைவில் தரும் கிராக் மட்டும் வேண்டாம். ஊர் பார்க்க நின்றுபோகும் மெஷினை எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் மன்னிக்க மாட்டார்.

ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா என்பதில் பேச அதிகமில்லை. சிமென்ட் சுவரும் தகரக் கூரையுமான அறையில் மானிட்டர் ஸ்பீக்கர் பொய் சொல்லும். காதை மூடும் ஹெட்ஃபோன் முதலில்.

லேப்டாப்போடு இணைக்கும் டிஜே கன்ட்ரோலருக்கு இரண்டு சேனல் போதும். லேப்டாப் வேண்டாத தனி மெஷின்கள் நன்றாக இருக்கும், விலை பல மடங்கு, அது பிறகு. ஆனால் அநேகமாக எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் அதில் வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க் பட்டன் இருக்கும். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் இருக்கும் பாட்டோடு பாட்டு சேர்க்க அது உதவும், செண்டைக்கு அந்தப் பட்டன் தெரியாது. திரையில் பிபிஎம் காட்டும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரையும் கையால் சுற்றும் ஜாக் வீலையும் மட்டும் வைத்து, காதால் இரண்டு பாட்டைச் சேர்த்துப் பழகுங்கள். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அந்த மேளக்காரர்களிடம் மறுபடி போய் நின்றேன்.