சைட்டு வெயிலுக்கு சன்ஸ்கிரீனா, முழுக்கை சட்டையா?

போன சித்திரைல மதுரை ஒத்தக்கடை பக்கம் ஒரு வீட்டு வேல, ஆளுக பதினோரு பேரு. தோல் கேன்சர்னு பேச்செடுத்தாலே "அதெல்லாம் வெள்ளக்காரனுக்கு வர்றதுண்ணே"ன்னு முடிச்சுருவாங்க. நம்ம நெறத்துக்கு ஆபத்து கம்மிதான், ஆனா இல்லவே இல்லன்னு கெடையாது. வெயில்ல வேல பாத்து மெலனோமாங்கிற, நெறம் குடுக்குற செல்லுல வர்ற வகைய விட்டுட்டு மத்த தோல் கேன்சர் வந்து 2019ல மட்டும் உலகம் பூரா கிட்டத்தட்ட 19,000 பேரு செத்துருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் கணக்கு சொல்லுது.

மொதல்ல நான் வாங்குனது சன்ஸ்கிரீன்தான். ட்யூப்ல போட்டுருக்குற எஸ்பிஎஃப்ங்கிற காப்பு அளவு 30 போதும், தோலப் பொசுக்குற யுவிபி கதிர்ல 97 சதவீதத்த தடுத்துரும், 50 போட்டா 98, அவ்வளவுதான் வித்தியாசம். பிரச்சன ட்யூப் தீர்ற வேகம். மூஞ்சி கழுத்துக்கு ஒரு டீஸ்பூன், கைக்கு ஒண்ணொண்ணு, ஆக ஒரு தடவைக்கே 15 மில்லி, வேர்வைல கரையிறதால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும், அப்ப 50 மில்லி ட்யூப் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே பத்தாது, அதுவும் சிமெண்ட் கையோட எவன் மூஞ்சில தேய்ப்பான்? நாலே நாள்ல ட்யூப்பெல்லாம் காலி.

சட்டைக்கு அந்த வம்பே இல்ல, தொவச்சுப் போட்டா மறுநாளும் அதே காவல். எங்க சித்தாளுக எப்பவுமே சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கை சட்டைய மாட்டிட்டுத்தான் கலவ சொமப்பாங்க, பனியனோட நிக்கிறது ஆம்பளைகதான். விளக்குத்தூண் துணிக்கடைல லூசா, நெருக்கமா நெய்த காட்டன் சட்ட எடுத்துக் குடுத்தேன், மொத வாரம் பூரா புழுங்குதுன்னு கைய மடிச்சு விட்டாங்க. மேஸ்திரி மாமா தலப்பாத் துண்ட வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சேன், தொவச்சுத் தொவச்சு நைஞ்சு போயி அந்தப் பக்கம் நிக்கிற ஆளே தெரியுது. "வெளிச்சம் வர்ற வழியாத்தான் மாமா கதிரும் வரும்"னேன், ஒண்ணும் பேசாம துண்ட ரெண்டா மடிச்சு காதும் பிடரியும் மறையக் கட்டுனாரு. தொப்பி மட்டும் போட்டா அந்த ரெண்டும் வெளியதான் கெடக்கும்.

ஒரு கோட அனுபவத்துலதான் இத சொல்றேன். மூஞ்சிக்கும் உதட்டுக்கும் சட்ட உதவாது, அங்க கிரீம்தான். எங்க கம்பி கட்டுற தம்பிக்கு மூஞ்சில வெண்புள்ளி இருக்கு, அந்த எடத்துல வெயில தாங்க நெறமே இல்ல, அதனால அவனுக்கு மட்டும் இப்பவும் ட்யூப் வாங்கித் தர்றேன், டீக்கும் சாப்பாட்டுக்கும் கை கழுவுனதும் மறுபடி போட்டுக்கிறான்.

அப்பறம் எந்தப் புண்ணாவது ஒரு மாசமாகியும் ஆறலன்னா மஞ்சப் பத்துப் போட்டுட்டு இருக்காம பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர்ட்ட காட்டிருங்க.