குடலிறக்கம்: ஊசியா, அறுவையா, பொறுத்திருப்பதா?

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையொன்றில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்யும் உறவினர் ஒருவர், தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கற்களைக் குனிந்து எடுக்கும்போதெல்லாம் வலது அரையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு எழுவதையும், மல்லாந்து படுத்து இரண்டு விரலால் அழுத்தினால் அது உள்ளே போய்விடுவதையும் என்னிடம் காட்டினார். இது குடலிறக்கம் (ஹெர்னியா), அதாவது வயிற்றின் தசைச்சுவரில் உள்ள துவாரம் வழியே குடல் பிதுங்குவது என்று சொல்லி, காரைக்குடி மருத்துவர் அறுவை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார். ஆனால் கத்தி வைக்காமல் ஊசியிலேயே குணமாக்குகிறார்கள் என்று யாரோ சொன்ன பேச்சு அவர் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. "விரிசலில் சிமெண்டுப் பால் ஊற்றுகிற மாதிரிதானே, தம்பி?" என்றார்.

ஊசி மருத்துவத்தின் அடிப்படைக் கருத்தே அதுதான். திசுவை உறுத்தும் மருந்தைத் துவாரத்தைச் சுற்றிச் செலுத்தினால் அழற்சி உண்டாகும். அது ஆறும்போது தழும்புத் திசு வளர்ந்து துவாரத்தை அடைக்கும் என்பது கணக்கு. இது புதியதும் அன்று. 1830களில் பிரான்சில் வெல்போ என்ற மருத்துவர் அயோடினைச் செலுத்திப் பார்த்தார். பாஸ்டனில் ஹீட்டன் என்ற மருத்துவர் வெள்ளை ஓக் மரப்பட்டைச் சாற்றைப் பயன்படுத்தினார். 1930களில் அமெரிக்காவில் இம்முறை மறுபடியும் பரவி, பிறகு ஓய்ந்தது. கல்லின் விரிசல் அசையாமல் இருக்கும். வயிற்றுச் சுவரோ ஒவ்வோர் இருமலுக்கும் உள்ளிருந்து தள்ளப்படுகிறது, அந்த அழுத்தத்தைத் தழும்பு மட்டும் தாங்குவது கடினம். மருந்து எங்கே பாய்கிறது என்பதும் கவலைக்குரியது, ஏனெனில் விந்துநாளம், விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய், சில சமயம் குடலேகூட அந்தக் குறுகிய இடத்தில்தான் இருக்கின்றன. அரையிடுக்குக் குடலிறக்கம் பற்றி 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் அறுவையையும் கவனித்துக் காத்திருப்பதையும்தான் பேசுகின்றன.

ஊசியை மக்கள் நம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொடக்கநிலை மூலத்துக்கும், விரையில் நீர் கட்டும் ஓதத்துக்கும் ஊசி மருந்து உண்மையிலேயே பயன்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசியில் குணமானது பெரும்பாலும் அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அங்கே சுருக்க வேண்டியது ஓர் இரத்தக் குழாய், அல்லது வற்ற வேண்டியது ஒரு நீர்ப்பை. குடலிறக்கத்திலோ தசைச்சுவரிலேயே ஓட்டை இருக்கிறது.

அறுவையில் அந்த ஓட்டையின் மேல் செயற்கை வலை வைத்துத் தைக்கிறார்கள். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. ஆனால் வெட்டித் திறந்து வலை வைக்கும் முறையை, தகுந்த நோயாளிக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிக்கலாம். மயக்க மருந்துக்கு அஞ்சி ஊசியைத் தேடுகிறவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். அறுவைக்கும் குறை உண்டு: ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அவ்விடத்தில் வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது, சிலருக்குக் குடல் மீண்டும் இறங்குகிறது. வலையே வேண்டாம் என்பவர்களுக்குத் தையல் முறைகளும் உள்ளன. புனேயின் அறுவை மருத்துவர் தேசர்தா வகுத்த முறை அவற்றில் ஒன்று.

மூன்றாவது வழி பொறுத்திருப்பது. குடலிறக்கத்தால் தொந்தரவே இல்லாத, அல்லது தொந்தரவு மிகக் குறைவாக உள்ள ஆண்கள் 720 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. காத்திருந்தவர்களில் குடல் சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவாகவே. ஆனால் பத்தாண்டுக்குள் மூன்றில் இருவர், பெரும்பாலும் வலி தாங்காமல், அறுவைக்கு வந்துவிட்டார்கள். இந்த வழி பெண்களுக்குப் பொருந்தாது, ஏனெனில் அவர்களுக்குத் தொடைப்பக்க இறக்கம் இருந்தால் குடல் சிக்கும் வாய்ப்பு மிக அதிகம். கச்சை என்னும் பெல்ட் தாங்கிப் பிடிக்குமே தவிரக் குணமாக்காது.

என் உறவினருக்கு வேலையின்போது வலி இருப்பதால், மரத்துப்போகும் ஊசி போட்டே அறுவை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கப் போயிருக்கிறார். தை பிறந்து நாள் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். தொட்டியிலிருந்து கல் எடுப்பதை அதுவரை மகன் பார்த்துக்கொள்கிறான். அதற்குள் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு, வலியும் வாந்தியும் வந்தால், நாள் பார்க்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர் மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.