ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிக் கொடுத்து நான் ஏமாந்த கதை

நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கம் பொலேரோ வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் முன்பக்கக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். பட்டறையில் யாராவது "ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிடலாம் அண்ணே, வண்டி பஞ்சு மாதிரி போகும்" என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நான் கிளம்பவில்லை.

குறுவை அறுவடைக்குச் சற்று முன், வண்டியின் முன்பக்கத்தில் 'டக் டக்' என்று சத்தம். எங்கள் வயலுக்கு நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பிலிருந்து (ஆறு பிரியும் இடம்) கோரையாற்றுக் கரையோடு போக வேண்டும். டிராக்டர் தடம் காய்ந்து இறுகிய களிமண். ஒரு சக்கரம் மேட்டில் என்றால் மறு சக்கரம் பள்ளத்தில். பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி, அந்தப் பாரின் முனையைச் சக்கரப் பக்கம் இணைக்கும் லிங்க்கில் ரப்பர் புஷ் தேய்ந்திருப்பதை ஆட்டிக் காட்டினார். அதுவரை சரி. பிறகுதான் பாடம் நடத்தினார்: "இந்தக் கம்பிதான் இரண்டு சக்கரத்தையும் கட்டிப்போடுகிறது. காட்டில் ஜீப் ஓட்டுகிறவர்கள் முதலில் இதைத்தான் கழற்றுவார்கள். உங்கள் கரைக்கு இது எதற்கு?"

சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் ஏமாந்தேன். 'ப' வடிவில் வளைந்த அந்தக் கம்பி, வளைவில் வண்டி சாயும்போது முறுக்கேறிச் சாய்வை எதிர்க்கும். ஒற்றைச் சக்கரம் மேட்டில் ஏறினால் அதே முறுக்கு மறு சக்கரத்தையும் மேலே இழுக்கும். பள்ளத்தில் இறங்கி மண்ணைப் பிடிக்க விடாது. கரடுமுரடான இடத்தில் அதைக் கழற்றுவது இதற்காகத்தான். ஆனால் காட்டில் ஜீப் ஓட்டுகிறவர்கள் தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி மாட்டிவிடுவார்கள். ஜீப் ராங்ளர் ரூபிகானில் பொத்தானை அழுத்தினால் முன் பார் பிரியும். வேகம் மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாகவே சேர்ந்துகொள்ளும். இந்தப் பாதியை அவர் விழுங்கிவிட்டார்.

பில் 3,800 ரூபாய். 'சஸ்பென்ஷன் வேலை' என்று ஒரே வரி. சத்தம் நின்றது. நிற்காமல் என்ன செய்யும், சத்தம் போட்ட பொருளே வண்டியில் இல்லையே!

இரண்டு வாரம் கழித்து, இரவு எட்டரை மணி. அறுவடை நாட்களில் நம் சாலைகளில் பாதி நெற்களம் என்பது உங்களுக்குத் தெரியும். தார்ப்பாய் போர்த்திய குவியலும் சுற்றிக் கல்லும் திடீரென்று விளக்கு வெளிச்சத்தில் வந்தன. வேகம் அறுபது இருக்கும். வலப்பக்கம் ஒடித்தேன், எதிரே ஒரு மொபெட். மறுபடி இடப்பக்கம் ஒடித்தேன். முதல் திருப்பத்தில் சாய்ந்த வண்டி நிமிர்வதற்குள் அடுத்த திருப்பம். பின்பக்கம் வழுக்கி, மதகுக் கட்டையில் உரசி நின்றது. பின் இருக்கையில் இருந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நெல் மேல ஏறலையே?" என்று மட்டும் கேட்டார்.

தஞ்சாவூரில் வேறொரு மெக்கானிக் அடியில் குனிந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார். முன் பாரை எடுத்துவிட்டால் சாய்வைத் தாங்கும் வேலை பெரும்பாலும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் தலையில் விழுமாம். வேகமாக ஒடிக்கும்போது பின் டயர் பிடியை விடுவதற்கு அதுதான் காரணமாம். புஷ் மட்டும் மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை. பார், கிளாம்ப், லிங்க் எல்லாம் புதிதாகப் போட்டதில் 7,200 ஆயிற்று. கதவு நசுங்கியது தனிக் கணக்கு.

பழைய பார் எங்கே என்று முதல் பட்டறையில் போய்க் கேட்டேன். "பழைய இரும்புதானே அண்ணே, எடைக்குப் போட்டுவிட்டோம்" என்றார். என் வண்டியின் இரும்பு, அவருடைய எடைக்கு! அடுத்த சர்வீஸில் 500 ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

முன்பக்கச் சத்தத்துக்குச் சமீபத்தில் எங்கேயாவது வேலை பார்த்திருந்தால், இன்றைக்கே முன் பம்பருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். தடித்த கம்பி ஒன்று குறுக்கே ஓடி, இரண்டு முனையும் சக்கரங்களின் பக்கம் லிங்க்கில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு முனை தொங்கினாலும் அது இல்லாததற்குச் சமம்தான். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் விலை பேசுமுன் ஒருமுறை குனிந்துவிடுங்கள்.