கீவேர்ட் பார்க்க எது உதவும்: பிளானரா, கட்டணக் கருவியா, சர்ச் கன்சோலா?

காரைக்குடியில் எங்கள் ஆச்சி நடத்தும் பலகாரக் கடைக்கு ஒரு வலைத்தளம் இருக்கிறது. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாவற்றுக்கும் அதில் ஆர்டர் எடுக்கிறோம். தளத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கூகுளில் எந்தச் சொல்லைத் தேடுகிறவர் நம் பக்கத்துக்கு வரவேண்டும் என்று முடிவு செய்ய மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்: கூகுளில் விளம்பரம் கொடுப்பதற்கான கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள் இருந்துகொண்டு, ஒரு சொல்லை (கீவேர்டை) மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்ட் பிளானர், ஏரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கட்டணக் கருவிகள், பிறகு நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று தளக்காரருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல். இன்று நான் நம்பி இருப்பது சர்ச் கன்சோலை. கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல், கானாடுகாத்தான் பக்கம் ஹோம்ஸ்டே என்று தளம் வைத்திருப்பவர்களும் இதையே கேட்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பிளானரை எல்லோரும் முதலில் திறப்பார்கள். இலவசம், விளம்பரம் ஓட்டாமலேயே உள்ளே போகலாம். தமிழ்நாடு, சிங்கப்பூர், மலேசியா என்று இடத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், அது நல்ல வசதி. ஆனால் விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு அது துல்லியமான எண் தராது. மாதத்துக்கு 10 முதல் 100, 100 முதல் 1000 என்று அகலமான வரம்புதான் காட்டும். 150 பேர் தேடும் சொல்லும் 900 பேர் தேடும் சொல்லும் அங்கே ஒன்றுதான். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சொற்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே எண்ணையும் போட்டுவிடும். இன்னொன்று, அதில் ‘போட்டி’ என்று ஒரு பத்தி வரும். குறைவு என்று போட்டிருந்தால் சுலபமாக முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்தி விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இடையே உள்ள போட்டியை மட்டும் சொல்கிறது. சாதாரணத் தேடல் முடிவில் இடம் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கட்டணக் கருவிகளை நான் அதிக நாள் பயன்படுத்தவில்லை. நண்பர் ஒருவரின் கணக்கில் பார்த்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். அவற்றின் பலம் போட்டித் தளங்களைப் பார்ப்பதில் இருக்கிறது: எதிர்க்கடைக்காரர் எந்தச் சொல்லுக்கு எங்கே நிற்கிறார், அவருக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். ஏரெஃப்ஸ் ஒவ்வொரு சொல்லுக்கும் 0 முதல் 100 வரை ஒரு கடின மதிப்பெண் தரும். முதல் பத்து இடங்களில் உள்ள பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்பதை வைத்து அது போடப்படுகிறது. ஆங்கிலத்தில் பெரிய சந்தையில் விற்பவர்களுக்கு இது பயன்படும். எங்கள் பலகாரங்களை வாங்க வருபவர்கள் தேடும் சொற்களைப் போட்டபோது தேடல் எண்ணிக்கை பெரும்பாலும் பூஜ்யம் என்று வந்தது, இல்லாவிட்டால் தரவே இல்லை என்று வந்தது. முழுத் திட்டங்கள் மாதம் 100 டாலரைத் தாண்டும்போது, பூஜ்யத்தைப் பார்க்க அவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களைப் போன்ற கடைக்கு உயிரே அந்தப் பூஜ்யச் சொற்களில்தான் இருக்கிறது. ‘கந்தரப்பம்’ என்று மட்டும் தேடுகிறவர் பெரும்பாலும் செய்முறைக்காக வருகிறார். நீங்களே அந்தச் சொல்லைக் கூகுளில் போட்டுப் பாருங்கள், வரிசையாகச் சமையல் வீடியோக்கள் வரும். தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று கூகுளே கணித்து வைத்திருக்கிறது, அதை எதிர்த்து ஆர்டர் பக்கத்தை மேலே கொண்டுவருவது வீண் வேலை. ‘கல்யாணச் சீர் பலகாரம் ஆர்டர்’ என்று தேடுகிறவர்கள் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பப் பேரின் வீட்டில் முகூர்த்தத் தேதி குறித்தாகிவிட்டது, கிலோ கணக்கில் வாங்கப் போகிறார்கள். பிளானரில் முதல் சொல் பெரிதாகவும் இரண்டாவது ஒன்றுமில்லாததாகவும் தெரியும். கல்லாவில் நிலைமை தலைகீழ்.

சர்ச் கன்சோல் இந்த இரண்டாவது வகையைக் கண்ணுக்குக் காட்டுகிறது. நம் தளம் எந்தத் தேடலில் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று மக்கள் தட்டிய சொற்களோடு அப்படியே இருக்கும். நான் அதைப் பார்க்கும் விதம் இது: வினவல் பட்டியலில் ‘ஆர்டர்’, ‘விலை’, ‘கிலோ’, ‘ஆன்லைன்’ போன்ற சொற்களை வைத்து வடிகட்டுவேன். அதே சொற்களை ஆங்கில எழுத்திலும் போட்டு வடிகட்டுவேன், ஏனென்றால் நம்மவர்கள் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். மனகோலத்துக்கு ஒருவர் கே போடுகிறார், இன்னொருவர் ஜி போடுகிறார். அப்புறம் 8-ஆம் இடத்திலிருந்து 20-ஆம் இடத்துக்குள் நிற்கும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். முதல் பக்கத்தின் அடியிலும் இரண்டாம் பக்கத்திலும் இருக்கும் அவற்றுக்குத்தான் கொஞ்சம் உழைத்தால் பலன் தெரியும். 60-ஆம் இடத்தில் கிடப்பதை இப்போதைக்கு விட்டுவிடுவேன்.

அடுத்து, அந்தச் சொல்லுக்குத் தோன்றும் பக்கத்தைத் திறந்து, தேடியவர் கேட்டதற்கு அங்கே பதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். சீர் பலகாரப் பக்கத்துக்கு ‘ஒரு கிலோவுக்கு எத்தனை அதிரசம் வரும்’ என்று தேடி வந்திருந்தார்கள். விலை, எடை எல்லாம் போட்டிருந்த பக்கத்தில் எண்ணிக்கை இல்லை. எண்ணி ஒரு சிறு பத்தியாகச் சேர்த்தேன், தலைப்பிலும் அந்தக் கேள்வியை வைத்தேன். அந்தச் சொல்லுக்கு இடம் ஏறியது. அதைவிட, சீர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்பவர்கள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதில்லை, நேராக அளவைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த மாதிரி ஒரு கேள்வியைப் பிளானர் எனக்குத் தந்திருக்கவே முடியாது. சொற்களைப் பக்கத்தின் மறைவான கீவேர்ட் குறியீட்டில் அடுக்கிவைக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இன்னும் ஊரில் உண்டு. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு நல்ல பத்தி எழுதலாம்.

குறைகளும் உண்டு. புதுத் தளத்துக்குச் சர்ச் கன்சோலில் காட்ட ஒன்றும் இருக்காது. எங்கேயாவது தோன்றினால்தானே பதிவாகும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதிக் கூகுள் மறைத்துவிடுகிறது, ஆகவே பட்டியலைக் கூட்டினால் மொத்தக் கணக்கோடு ஒத்துப்போகாது. தரவு 16 மாதத்துக்கு மட்டும்தான் இருக்கும். போன தீபாவளியோடு இந்தத் தீபாவளியை ஒப்பிட இது போதும், அதற்கு முந்தையது வேண்டுமென்றால் நாம்தான் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஒப்பிடும்போது தேதியையும் கவனிக்க வேண்டும்: 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. மாதத்தோடு மாதத்தை வைத்துப் பார்த்தால் வியாபாரம் ஏறியது இறங்கியதுபோலத் தெரியும். பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரத்தை அதே ஆறு வாரத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் சரி.

தளம் புதிது என்றால் முதல் சில மாதங்களுக்கு வேறு வழிகள் வேண்டும். உலாவியின் மறைநிலைச் சன்னலில் (இன்காக்னிட்டோ) கூகுளைத் திறந்து ‘செட்டிநாடு பலகாரம்’ என்று தட்டி நிறுத்தினால் கீழே விரியும் பரிந்துரைகள் மக்கள் உண்மையிலேயே தேடியவற்றிலிருந்து வருபவை. இதற்கு இணையாக நான் மதிப்பது ஆச்சியின் ஆர்டர் நோட்டு. போனில் பேசுகிறவர்கள் ‘பாரம்பரிய இனிப்பு வகைகள்’ என்று கேட்பதில்லை. ‘பேரன் பிறந்திருக்கான், சிங்கப்பூருக்கு அனுப்பணும், எத்தனை நாள் கெடாம இருக்கும் ஆச்சி?’ என்று கேட்கிறார்கள். அந்த வாக்கியத்திலேயே இரண்டு மூன்று பக்கங்களுக்கான சொற்கள் இருக்கின்றன. இவற்றை வைத்துப் பத்துப் பதினைந்து சொல் எடுத்து, பிளானரில் ஒருமுறை போட்டு எது முற்றிலும் வேறு பொருளில் தேடப்படுகிறது என்று களைந்துவிட்டால் தொடக்கத்துக்குப் போதும்.

எப்போது எழுதுவது என்பதற்கு மட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் பார்க்கிறேன். அது எண்ணிக்கை தராது, 0 முதல் 100 வரை ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டும். சின்னச் சொற்களுக்குப் போதிய தரவு இல்லை என்றுவிடும். ‘அதிரசம்’ போன்ற பெரிய சொல்லைப் போட்டால் பருவம் தெரிந்துவிடுகிறது. எங்கள் சர்ச் கன்சோல் வரைபடமும் புரட்டாசியில் ஏறத் தொடங்குகிறது. கூகுள் திரும்ப வந்து படிக்க அவகாசம் வேண்டும் என்பதால் தீபாவளிப் பக்கத்தை ஆடியிலேயே திருத்திவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு புதுப் பக்கம் போடுவதில்லை. பழைய முகவரியிலேயே விலையும் அனுப்பும் கடைசித் தேதியும் மாறும்.