ரூம் வாடகை வித்தியாசம் மட்டும்தான் என்பார்கள், நம்பாதீர்கள்

காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவர்கள், அட்மிஷன் கவுண்ட்டரில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்ய மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலிசி 3 லட்சத்துக்கு. அறை வாடகை ஒரு நாளைக்கு அதில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரை கிடைக்கும். "அந்த ரேட்ல ரூம் காலி இல்ல சார், 6,000 ரூபாய் டீலக்ஸ்தான் இருக்கு. வித்தியாசத்தை மட்டும் நீங்க கட்டினா போதும்" என்றார் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர். வலியில் துடிப்பவரை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவது? சரி என்றோம்.

டிஸ்சார்ஜ் அன்று பில் ஏறக்குறைய 1,80,000 ரூபாய். அதில் நாங்கள் கட்ட வேண்டியது 90,000-க்கும் மேல். வாடகை வித்தியாசம் மட்டும் என்றால் 12,000 தான் வந்திருக்கும்.

நடந்தது இதுதான். பாலிசி தரும் வாடகைக்கு மேற்பட்ட அறை எடுத்தால், எடுத்த அறையின் வாடகையில் பாலிசி தரும் வாடகை எத்தனை பங்கோ, சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அந்தப் பங்கை மட்டும்தான் காப்பீட்டு நிறுவனம் தரும், மீதியை வெட்டும். நமக்கு வாடகை இரண்டு மடங்கு, ஆகவே எல்லாமே பாதி. இது டெஸ்க்கில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, தினமும் அவர் பார்க்கும் வேலையே இதுதான். அதே டாக்டரிடம், அதே தியேட்டரில், அதே ஆபரேஷன் செய்துகொண்டு பொது வார்டில் இருந்த வேறொரு பெண்ணின் பில்லைப் பார்த்தேன். அவருக்கு சர்ஜன் ஃபீஸ் எங்களுடையதில் பாதிகூட இல்லை. கட்டிலும் ஏசியும் மாறினால் கத்தி பிடிக்கும் கூலி ஏன் மாற வேண்டும்?

இன்னொன்றும் கவனியுங்கள். காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது: மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (கையுறை, ஊசி போன்றவை), இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்துபவை), பரிசோதனைகள், ஐசியு கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரிகளிலும் கூடாது. எங்களுக்கு மருந்திலும் டெஸ்ட்டிலும்கூடப் பாதியை வெட்டியிருந்தார்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஐஆர்டிஏஐ-யின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும் புகார் போட்ட பிறகு அந்த 33,000 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம்.

இந்தக் கட்டணங்களுக்கு அரசே வரம்பு வைக்கக் கூடாதா என்றால், அரசு விலை வைத்தால் தரம் கெடும், முதலீடு வராது என்று மருத்துவமனைத் தரப்பு சொல்கிறது. 2017 பிப்ரவரியில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஸ்டென்ட் வைப்பது நின்றா போய்விட்டது? ஆனால் ஒரு பொருளுக்கு மட்டும் வரம்பு வைத்தால் பில்லின் மற்ற வரிகள் வீங்கும் என்பதும் உண்மை. அதனால்தான் சிகிச்சைக்கே நிலையான கட்டணம் வேண்டும் என்கிறேன். மருத்துவமனைகளுக்கான 2012 மத்திய விதிகளில் கட்டண வரம்பு பற்றி இருக்கிறது, 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்துவது பற்றி மத்திய அரசைக் கேட்டது. தமிழ்நாட்டுக்கோ தனியாக 1997 சட்டம், அதனால் மத்திய விதிகள் இங்கே பொருந்தாது. குறைந்தபட்சம் அறையைப் பொறுத்து டாக்டர் ஃபீஸ் மாறுவதையாவது நம் அரசு தடை செய்யட்டும்.

அதுவரை, சேரும் முன்பே ஒவ்வொரு அறை வகைக்கும் ஆபரேஷனின் மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தகுதியான அறை காலி இல்லை என்றால் அதையும் எழுதி சீல் வைத்து வாங்குங்கள். வரிவாரியான பில் வாங்காமல் கிளம்பாதீர்கள். ஆஸ்பத்திரி மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம், வரிவாரி பில்தான் அதில் எங்கள் முக்கிய ஆவணம். நுகர்வோர் உதவி எண் 1915.