"லாக் போட்டுத் தர்றோம்" என்று சொல்லும் கம்ப்யூட்டர் கடைகள்: குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரிக்கு அருகே பச்சைத் தேயிலை வாங்கும் சிறிய அலுவலகம் ஒன்று. அங்குள்ள லேப்டாப்பில் ஏறத்தாழ 300 விவசாயிகளின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பட்டா, மாதாமாத இலைக் கணக்கு எல்லாம் இருந்தன. குன்னூரில் ஒரு கடை 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மிலிட்டரி கிரேடு என்கிரிப்ஷன் போட்டாச்சு, எவனாலும் திறக்க முடியாது" என்று கொடுத்தது. என்கிரிப்ஷன் என்றால் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்கவே முடியாதபடி ஃபைலின் உள்ளடக்கத்தையே மாற்றிவைப்பது. ஃபோல்டரைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்டது, அலுவலகத்தாரும் நம்பிவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து விண்டோஸ் கெட்டுப்போனது. அதே கடையில் சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸைத் திரும்ப ஏற்றினார்கள். லேப்டாப் திரும்பி வந்தபோது டி டிரைவில் இருந்த ஃபோல்டரைக் காணவில்லை. "டேட்டா போயிடுச்சுங்க, கோயம்புத்தூருக்கு ரெகவரிக்கு அனுப்பணும், 8,000 ஆகும்" என்றார்கள்.

டேட்டா எங்கும் போகவில்லை. டி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் 11 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டியது. கண்ணுக்குத் தெரிந்த இரண்டு ஃபோல்டரையும் கூட்டினால் 2 ஜிபிகூட வரவில்லை. மீதி 9 ஜிபி மறைந்துதான் இருந்தது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஆப்ஷன்ஸ் போய், வியூ என்ற பக்கத்தில் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுத்ததும் அத்தனையும் வந்து நின்றன. பாஸ்வேர்டே கேட்கவில்லை. அதாவது கடை செய்தது ஃபோல்டரைச் சிஸ்டம் ஃபைல் போல ஒளித்து, முன்னால் ஒரு பாஸ்வேர்டு பெட்டியை வைத்தது மட்டும்தான். விண்டோஸோடு அந்தப் பெட்டியும் அழிந்தது. ஏழு மாதமும் அந்த 300 பேரின் ஆதார் திறந்துதான் கிடந்திருக்கிறது. இதை மன்னிக்க முடியாது.

உங்கள் கம்ப்யூட்டரில் போட்டிருப்பது பூட்டா திரையா என்று நீங்களே பார்க்கலாம். உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் இயங்குதளம்) ஏற்றிய பென்டிரைவில் இருந்து கம்ப்யூட்டரை பூட் செய்து, அதாவது தொடங்கவைத்து, இன்ஸ்டால் கொடுக்காமல் 'ட்ரை உபுண்டு' மட்டும் கொடுங்கள். விண்டோஸ் ஒளித்துவைத்தது லினக்ஸுக்குப் பொருட்டே இல்லை. அங்கே உங்கள் ஃபோட்டோ பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தால் அது என்கிரிப்ஷன் இல்லை. சில மென்பொருள்கள் ஃபைலின் பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) மட்டும் மாற்றி வைக்கும். அந்த ஃபைலின் ஒரு நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிந்தால் உள்ளே இருப்பது அதே பழைய பிடிஎஃப்தான். முறையாக என்கிரிப்ட் ஆன ஃபைலில் உங்கள் உள்ளடக்கம் எதுவும் படிக்கிற மாதிரி இருக்காது.

உண்மையான பூட்டுப் போட வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ஷன் மென்பொருள் போதும். அது இலவசம். அதற்கு 'லைசென்ஸ்' என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற்றுகிறார்கள். ட்ரூகிரிப்ட் என்ற அதன் முன்னோடி மென்பொருளைப் பழைய சிடியில் இருந்து எடுத்துப் போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், 2014 மே மாதத்தோடு அதைச் செய்தவர்களே கைவிட்டார்கள்.

வெராகிரிப்டைத் திறந்து கிரியேட் வால்யூம், பிறகு 'என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்', பிறகு ஸ்டாண்டர்டு கொடுங்கள். கன்டெய்னர் என்பது உங்கள் ஃபைல்களை எல்லாம் உள்ளே போட்டுப் பூட்டிவைக்கும் ஒரே பெரிய ஃபைல். அடுத்து கன்டெய்னருக்கு இடம் கேட்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் எக்செல் ஃபைலைக் காட்டினால் அது என்கிரிப்ட் ஆகாது, அழிந்து அதே இடத்தில் காலி கன்டெய்னர் உட்கார்ந்துவிடும். புதுப் பெயர்தான் கொடுக்க வேண்டும். என்கிரிப்ஷன் முறைக்கு ஏஇஎஸ், எஸ்எச்ஏ-512 என்று தானாக வருவதை மாற்ற வேண்டாம். மேலே சொன்ன அலுவலகத்துக்கு 20 ஜிபி தாராளம். பாஸ்வேர்டு 20 எழுத்துக்குக் குறைந்தால் மென்பொருளே எச்சரிக்கும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நீளமும் வரும், மனதிலும் நிற்கும். ஃபைல் சிஸ்டம், அதாவது உள்ளே ஃபைல்களை அடுக்கும் முறை, எது என்று கேட்கும்போது ஃபேட்டை விட்டு என்டிஎஃப்எஸ் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபேட்டைவிட அது தாங்கும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் வேலை முடிந்ததும் டிஸ்மவுன்ட் (புதிய பதிப்புகளில் அன்மவுன்ட்) கொடுத்துக் கன்டெய்னரை மூடும் பழக்கமும் வேண்டும்.

கன்டெய்னரை மவுன்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து, ஃபைல்களை உள்ளே காப்பி செய்து, டிஸ்மவுன்ட் கொடுத்து, மறுபடி மவுன்ட் செய்து நான்கைந்தைத் திறந்து பார்த்த பிறகே வெளியே இருப்பதை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும், வாட்ஸ்அப் டவுன்லோடில் கிடக்கும் நகல்களையும் மறக்காதீர்கள்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கன்டெய்னர் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் தலைப்பகுதி, அதாவது ஹெடர், கெட்டிருக்கும். சாவி இருப்பது அதில்தான். வெராகிரிப்ட் அதன் நகல் ஒன்றைக் கன்டெய்னரின் கடைசியிலேயே வைத்திருக்கிறது. மவுன்ட் ஆப்ஷன்ஸில் பேக்கப் ஹெடரைப் பயன்படுத்தச் சொன்னால் பல நேரம் திறந்துவிடும். இதற்கும் 'ரெகவரி' என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஆனால் கன்டெய்னரின் இன்னொரு நகலை வேறு கட்டடத்தில் ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

புது விண்டோஸ் 11 லேப்டாப் வாங்குபவர்களுக்கு வேறொரு ஆபத்து. கடைக்காரர் தன் ஈமெயிலைப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தால், டிரைவ் தானாக என்கிரிப்ட் ஆகி 48 இலக்க ரெகவரி கீ அவருடைய கணக்குக்குப் போய்விடும். பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ மதர்போர்டை மாற்றினாலோ நீலத் திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம். அன்றைக்கு நீங்கள் அவர் கையில்தான். உங்கள் ஈமெயிலையே போடச் சொல்லுங்கள், கீயைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பில்லைத் தொலைக்க வேண்டாம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இனிமேல் செய்பவர்கள், "சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் மென்பொருளின் பெயரையும் 'என்கிரிப்ஷன்' என்ற சொல்லையும் பில்லில் எழுத வையுங்கள்.

கடையே வெராகிரிப்ட் கன்டெய்னர் செய்து கொடுத்திருந்தால், பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு மாறினாலும், ஃபைல்களை உண்மையில் பூட்டியிருக்கும் மூலச்சாவி மாறாது. பழைய ஹெடரின் நகலைக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தால் பழைய பாஸ்வேர்டு இன்றும் வேலை செய்யும். வீட்டில் உட்கார்ந்து புதுக் கன்டெய்னர் ஒன்றை நீங்களே செய்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, பழையதை அழித்துவிடுங்கள்.