வெட்டுவதா, சுடுவதா, இரண்டுமா? கல்லீரல் கட்டிக்கு நாங்கள் எடுத்த முடிவு

அப்பாவின் ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புற்றுநோய்க் கட்டிகள். வலப்பக்கம் 6 செ.மீ., இடப்பக்கம் ஆழத்தில் 2 செ.மீ. பல வருட ஹெப்படைட்டிஸ் பி-யால் ஈரலில் தழும்பும் ஏறியிருந்தது. கோலாலம்பூரில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பத்துமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செலாயாங் மருத்துவமனையிலும் கேட்டுவிடலாம் என்றார் மாமா.

மாற்று ஈரல் பேச்சு சீக்கிரமே முடிந்தது. மாற்று ஈரல் யாருக்குப் பொருத்தலாம் என்று பார்க்கும் மிலான் அளவுகோல்படி ஒரே கட்டி என்றால் 5 செ.மீ. வரை, மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். அப்பா அதில் அடங்கவில்லை.

ஊசியால் சுடுவது மட்டும் போதுமா? கட்டிக்குள் கம்பியைச் செலுத்தி 60 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் செல்கள் செத்துவிடும். 3 செ.மீ. வரை நன்றாக வேலை செய்யும். 6 செ.மீ. கட்டியில் ஓரத்தில் எங்காவது உயிர் மிஞ்சிவிடலாம்.

அப்படியானால் இரண்டையும் வெட்டிவிடலாமே? அத்தையும் அதைத்தான் சொன்னார்: "ஈரல்தான் திரும்ப வளருமே!" வளரும், ஆனால் நல்ல ஈரலாக இருந்தால். முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்: வெட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சும்? ஆரோக்கியமான ஈரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் சமாளிக்கலாம். தழும்பேறிய ஈரலுக்கு 40 சதவீதமாவது வேண்டும். சிடி படத்திலிருந்தே இதை அளந்துவிடுகிறார்கள். டாக்டர் பேனாவால் படத்தில் கோடு போட்டுக் காட்டினார். வலப்பக்கத்தை எடுத்தபின் இருப்பது இடப்பக்கம் மட்டும்தான். ஆழத்திலுள்ள சின்னக் கட்டிக்காக அதிலும் ஒரு துண்டை வெட்டினால் மிச்சம் போதாது. அப்புறம் மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் என்று ஈரல் படுத்துவிடும்.

அதனால் இரண்டும் சேர்ந்த வழியை எடுத்தோம். ஒரே ஆபரேஷனில் பெரியதை வெட்டி, ஈரலின் மேலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து சின்னதை மைக்ரோவேவால் சுட்டார்கள். கட்டியும் சுற்றி ஒரு செ.மீ. அளவும்தான் போகும், மற்றதெல்லாம் நமக்கு. மைக்ரோவேவ் ஏன் என்றால், அருகில் பெரிய ரத்தக்குழாய் இருந்தது. ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். ரேடியோ அலையால் சுடும் முறையில் அந்தத் தொல்லை இன்னும் அதிகம். இதில் எங்கள் அனுபவம் அந்த ஒரு கட்டியோடு சரி.

ஐந்தாம் நாள் பிலிருபினும் (காமாலையைக் காட்டும் ரத்த அளவு) ரத்தம் உறையும் அளவும் நல்லபடியாக வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இதில் குறை இல்லாமல் இல்லை. வெட்டிய துண்டை லேபில் பார்த்து ஓரம் சுத்தமா என்று சொல்லலாம். சுட்டதை அப்படிச் சொல்ல முடியாது, ஸ்கேனை நம்பித்தான் இருக்க வேண்டும். சுட்ட இடத்தின் ஓரத்தில் மறுபடி முளைக்கும் வாய்ப்பு வெட்டியதைவிட அதிகம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஹெப்படைட்டிஸ் மாத்திரையும் தொடர்கிறது.

குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் தழும்பு இருக்காது, ஆனால் கீமோ ஈரலைச் சோர்வாக்கியிருக்கும். மிச்சம் 30 சதவீதமாவது வேண்டும் என்பார்கள். எங்கள் கதையை வைத்து அவர்கள் முடிவெடுக்க வேண்டாம்.